மிலன் சாப்பிட வந்த வீடு

ஆகஸ்ட் 3, திங்கள்

காலைப் பயிற்சிக்கு எல்லாரும் வந்தார்கள். பந்துதான் யார் கண்ணிலும் படவில்லை. ரைட் அவுட் ஆடும் பையனுக்கு நேராகத் தள்ளிய பந்து அவன் காலைத் தாண்டிப் போய்க் கொடிமரத்தில் முட்டி நின்றது. விசாரித்ததில் காரணம் தலைமுடி. ஒரு கற்றை வலது கண்ணை மறைத்து மூக்கு வரை தொங்குகிறது. ‘மிலன் கட்டிங்’ என்று பெயராம். என் பள்ளி அணியில் பாதிப் பேர் இப்போது ஒற்றைக் கண்ணால்தான் ஹாக்கி ஆடுகிறார்கள்.

மிலன் என்பவன் சென்னையில் பாடுகிற பையன். சினிமாவில் இல்லை. சொந்தமாகக் கேசட் போட்டு, அதற்கு ஆடியும் காட்டி, கேபிள் டிவியில் எந்நேரமும் வருகிறான். பிளஸ் டூ படிக்கும் என் மகள் கோமதிக்கு அவன்தான் சூரியன், சந்திரன் எல்லாம். பீரோக் கதவின் உள்பக்கம் ஒரே ஒரு படம் ஒட்டிக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தேன். இன்று வேட்டி எடுக்கத் திறந்தால் உள்ளே நான்கு மிலன்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நடந்ததை மட்டும் எழுத வேண்டும், உணர்ச்சிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது இந்தக் குறிப்பேட்டில் நான் கடைப்பிடிக்கும் விதி. ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன்.

ஆகஸ்ட் 5, புதன்

மாலையில் சென்னையிலிருந்து போன். நான்தான் எடுத்தேன். ஒரு பெண், கேசட் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, “கோமதி வேலாயுதம் மேடம் இருக்காங்களா?” என்று கேட்டாள். மேடம் அப்போது மொட்டை மாடியில் வடகத்துக்குக் காக்கா விரட்டிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். கேசட் அட்டையில் ஒரு கூப்பன் இருந்திருக்கிறது. அதைப் பூர்த்தி செய்து அனுப்பியவர்களில் ஒருவருடைய வீட்டுக்கு மிலன் வந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவானாம். அதைப் படம் பிடித்துத் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியாகப் போடுவார்களாம். தமிழ்நாடு முழுவதிலும் அந்த ஒரு வீடு கோவில்பட்டியில் எங்கள் வீடு.

கோமதி போனை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு ஷாலினி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். வங்கி மேலாளரின் மகள். போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். இரண்டு பெண்களுக்கும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே மிலன். இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் அலமாரியிலிருந்த என் ஹாக்கிக் கோப்பை ஒன்று கீழே விழுந்தது.

“முடியாது” என்றேன். “இது வீடு. ஷூட்டிங் நடத்துற இடம் இல்ல.”

செண்பகம் வாய் திறப்பாள் என்று பார்த்தேன். என் மனைவி தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள், நியாயம் தெரிந்தவள். அவள், “அந்தக் கவர்ல முத்திரை குத்துனதே நான்தான்” என்றாள்.

ஆக, எனக்குத் தெரியாமல் வீட்டில் ஒரு சதி நடந்திருக்கிறது.

ஆகஸ்ட் 6, வியாழன்

இரவுச் சாப்பாடு: ரசம்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ரசம்.

ஆகஸ்ட் 8, சனி

ரசம். யாரும் கோபமாக இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் வருகிறது. பதில் மட்டும்தான் வருகிறது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

எதிரணியின் ஆட்டத்தைப் பார்க்காமல் களத்தில் இறங்கக் கூடாது. ஆகவே, செண்பகமும் கோமதியும் கோயிலுக்குப் போன நேரத்தில் மிலனுடைய கேசட்டை ஆய்வுக்காகப் போட்டுக் கேட்டேன்.

முதல் பாட்டு: வெறும் சத்தம். இரண்டாவது: காதலியின் கொலுசைப் பற்றி நீண்ட விசாரணை. மூன்றாவது பாட்டின் வேகம் ஓட்டப் பயிற்சிக்குச் சரியாகப் பொருந்துகிறது. இதை உறுதிப்படுத்த இரண்டாம் முறை கேட்டேன். உட்கார்ந்து கேட்டால் தெரியாது என்பதால் மூன்றாம் முறை நின்ற இடத்தில் ஓடிக்கொண்டே கேட்டேன்.

ஷாலினி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 12, புதன்

மைதானத்தில் மூன்றாவது பாட்டைப் போட்டு ஓடவிட்டேன். பையன்கள் கேட்டுக்கொண்டதால்தான். இந்த வருஷத்தில் முதல் முறையாக ஒருத்தனும் வயிற்று வலி என்று உட்காரவில்லை.

மாலையில் கோமதியைக் கூப்பிட்டு அனுமதி கொடுத்தேன். நிர்வாகக் காரணங்களுக்காக. நிபந்தனைகளையும் சொன்னேன். வந்தோமா, சாப்பிட்டோமா, போனோமா என்று இருக்க வேண்டும். வீட்டுக்குள் ஆட்டம் கூடாது. பையன் முடியை ஒதுக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

“அவருக்கு நான் எப்படிப்பா முடி வெட்டச் சொல்ல முடியும்?”

“வெட்ட வேண்டாம். ஒரு கிளிப் குத்திக்கிடச் சொல்லு.”

சிரித்துவிட்டாள். சிரிப்பைக் கேட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

இரவு சாம்பார், அப்பளம்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

வெள்ளையடிப்பு நடக்கிறது. அடித்து ரொம்ப நாள் ஆகிவிட்டதால். ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. பால்காரர் தன் மகளையும் கூட்டிவரலாமா என்று கேட்கிறார். தலைமை ஆசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, பள்ளியைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, எழுந்து போகும்போது, “அன்னைக்கு எங்க வீட்டுலயும் வரச் சொல்லுதேன், என்ன?” என்றார்.

எனக்குப் புது டிராக் சூட் ஒன்று வாங்கினேன். பழையதில் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கோமதி தினமும் தயிரும் மஞ்சளும் முகத்தில் பூசுகிறாள். படிக்கிற நேரம் வீணாகிறது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

கேசட் கம்பெனியின் நிகழ்ச்சி மேனேஜர் கிரிதர் என்பவர் சென்னையிலிருந்து வீட்டைப் பார்வையிட வந்தார். நல்ல மரியாதையான ஆள். கூடத்தைப் பார்த்தார், பின்கட்டைப் பார்த்தார், வாசல் பிரமாதம் என்றார். “பொண்ணு எங்க சார்?” என்றார். கோமதி காபி கொண்டுவந்தாள்.

அவர் காபியை வாங்கிக்கொண்டு, “இவங்கதானா?” என்று கேட்டார்.

“இவதான்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. காபி பிடித்திருந்தது போலும்.

பக்கத்தில் நின்ற ஷாலினியைப் பற்றி விசாரித்தார். இரண்டு பேரையும் வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். ஷாலினியைத்தான் நிறைய எடுத்தார். அந்தப் பக்கம் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கலாம்.

அவர் போன பிறகு கோமதி வெகுநேரம் அடுப்படியில் நின்றாள். சமையல் ஒன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 22, சனி

கிரிதர் போன் செய்தார். இன்று எழுத எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். விதி விதிதான்.

கிரிதர் சொன்னது: “சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு. ஆனா கேமராவுக்குன்னு ஒரு முகம் வேணும் பாருங்க. எதிர்வீட்டுப் பொண்ணு பளிச்சுன்னு இருக்கு. டிவியில அதையே கோமதின்னு காட்டிடுறோம். உங்க பொண்ணு பக்கத்துல நின்னு பரிமாறட்டும். முடிஞ்சதும் மிலன்கூட தனியா ஒரு போட்டோ எடுத்துத் தரோம். யாருக்கும் நஷ்டம் இல்ல.”

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்றேன். மைதானத்தில் ஒருத்தன் ஃபவுல் செய்தால் யோசிக்கவா செய்கிறேன்? கை தானாக விசிலுக்குப் போகும். நேற்று போகவில்லை.

இன்று மத்தியானம் செண்பகத்திடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

“உங்க அக்கா என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, கூடத்துல லைட்டைப் போடச் சொன்னாக. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேணும்னாக. பட்டப்பகல்ல.”

அக்காவுக்கு அப்போதே பார்வை மங்கலாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

“கேன்சல் பண்ணிருதேன்” என்றேன்.

“போட்டியில ஜெயிச்சது நீங்களா?”

“இல்ல.”

“அப்ப அவகிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க.”

கேட்க நினைத்தேன். கோமதி மாடியில் மிலன் பாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதிப் படி ஏறிவிட்டு இறங்கிவிட்டேன். முட்டி வலி.

ஆகஸ்ட் 24, திங்கள்

பள்ளி விட்டதும் கோமதி மைதானத்துக்கே வந்துவிட்டாள். கூட ஷாலினி. ஷாலினிக்குக் கண் இரண்டும் வீங்கியிருந்தது.

“ரெண்டு நாளா நீங்க விசிலே ஊதலையாமே. பசங்க பேசிக்கிடுதாங்க” என்றாள் கோமதி.

“விசில் ரிப்பேர்.”

“அந்த ஆளு ஷாலினி வீட்டுக்கும் போன் பண்ணிட்டாருப்பா. எங்களுக்குச் சனிக்கிழமையே தெரியும்.”

ஷாலினி சொன்னாள்: “அங்கிள், நான் முடியாதுன்னு சொல்லிட்டேனுங்க. இவதான் மறுபடி போன் பண்ணிச் சரின்னு சொல்லச் சொன்னாளுங்க.”

“எதுக்குட்டி?” என்று கோமதியைக் கேட்டேன்.

“இல்லன்னா அவரு வரமாட்டாருல்ல. எனக்கு அவர்ட்ட ஒண்ணு கேக்கணும்.”

“என்னது?”

“அது அவர்ட்ட கேக்கறது.”

அவள் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் ஜாடை அவளுக்கு. ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போனாள். வெகுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. இந்த ஊரில் தண்ணீருக்குப் படுகிற பாடு தெரிந்தும் நான் கதவைத் தட்டவில்லை.

ஆகஸ்ட் 26, புதன்

தயிர், மஞ்சள் எல்லாம் நின்றுவிட்டது. வீட்டுப்பாடம் செய்கிறாள். கிரிதருக்கு, “வாங்க, எல்லாம் தயாரா இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

விடிந்ததிலிருந்து கூட்டம். எதிர்வீட்டு மாடி, பக்கத்துச் சுவர், வேப்பமரம் எல்லாவற்றிலும் ஆள். என் ஹாக்கிப் பையன்களைக் கைகோத்து நிற்கவைத்து வாசலில் வழி உண்டாக்கினேன்.

வேன் வந்தது. கிரிதர் இறங்கினார், கேமராக்காரர் இறங்கினார், முகத்துக்குப் பவுடர் போடுகிறவர் ஒருவர் இறங்கினார். கடைசியாக மிலன். தெருவே அலறியது. டிவியில் பார்க்கிற உயரத்தில் முக்கால்வாசிதான் இருந்தான். முடி கண்ணை மறைத்ததில் வாசல் படி தெரியாமல் இடறி என் மேல் சாய்ந்தான்.

“கண்ணு தெரியுதா தம்பி?” என்றேன்.

“ஒரு கண்ணு தெரியும் சார்” என்றான்.

கூடத்தில் இலை போட்டாயிற்று. மிலனுக்கு எதிரில் ஷாலினியைப் பட்டுப் பாவாடையில் உட்காரவைத்தார் கிரிதர். கோமதி சாதாரணச் சுடிதாரில் சாம்பார் வாளியோடு ஓரமாக நின்றாள். ஜன்னல் கம்பியெல்லாம் முகங்கள். ஷாலினியிடம் கிரிதர் குனிந்து, “மிலன் பேரு கேப்பார். கோமதின்னு சொல்லணும். வெட்கப்படணும். அவ்வளவுதான்” என்று சொன்னார். கேமரா ஓடியது.

மிலன் அழகாகச் சிரித்து, “உங்க பேரு என்ன?” என்றான்.

“ஷாலினிங்க.”

கிரிதர், “கட். கோமதிம்மா, கோமதி” என்றார். மறுபடியும் கேமரா ஓடியது.

“உங்க பேரு என்ன?”

“ஷாலினிங்க. கோமதி அங்க நிக்கறா பாருங்க, சாம்பார் வாளியோட. அவதான் ஜெயிச்சா. நான் அவளோட ஒரே பெஞ்சு.”

ஜன்னலில் சிரிப்பு கிளம்பி, வாசலுக்குப் போய், மாடி வரை ஏறியது. கிரிதர் முகம் சிவந்துவிட்டது. “இந்தப் பொண்ணு இங்க நிக்கறதுதான் குழப்பம். நீ உள்ள போம்மா” என்று கோமதியின் முழங்கையைப் பிடித்தார்.

கையில் விசில் இருந்தது. ஊதிவிட்டேன். கூடத்துக்குள் ஊதினால் எவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே இன்றுதான் தெரிந்தது. கிரிதர் கையை எடுத்துவிட்டார். வாசலில் என் பையன்கள் பழக்க தோஷத்தில் நேராக நின்றார்கள். மிலனும் இலையை விட்டு எழுந்து நின்றுவிட்டான்.

“அவளுக்குப் பேர் வச்சது நான்” என்றேன். “அதை எடுத்து வேற யாருக்கும் வைக்க முடியாது.”

இன்னும் நிறையச் சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்கத் தயார் செய்திருந்தேன். அவ்வளவுதான் வந்தது.

மிலனுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன சார் நடக்குது?” என்று கேட்டான். அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கோமதிதான் சொன்னாள். அழவில்லை, கோபப்படவில்லை. வகுப்பில் எழுந்து பதில் சொல்கிற மாதிரி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். என் குறிப்பேட்டில்கூட இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்க மாட்டேன்.

கிரிதர் கேமராக்காரரிடம், “நிறுத்துப்பா, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செண்பகம்தான், “சோறு ஆறுது. உக்காருங்க தம்பி” என்றாள்.

மிலன் உட்கார்ந்தான். கோமதி சாம்பார் ஊற்றினாள். எங்கள் வீட்டுச் சாம்பாரில் காரம் கொஞ்சம் கூடுதல். இரண்டு வாய் சாப்பிட்டதும் அவனுக்கு நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. பவுடர்காரர் ஓடி வந்தார். “இருக்கட்டும் அண்ணே” என்று அவரைத் தடுத்துவிட்டு, கோமதி கொடுத்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். துண்டில் சந்தன நிறத்தில் ஒரு முகமே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கீழே இருந்த நிறம் ஏறக்குறைய கோமதியின் நிறம்.

“முதல் நாள் என்னைப் பார்த்ததும் இதே கிரிதர் சார்தான்” என்றான் மிலன். “குரல் ஓகே, முகத்துக்கு ஏதாவது பண்ணுங்கன்னு சொன்னார்.”

“பண்ணிட்டாங்களே” என்றாள் கோமதி.

அவன் சிரித்தான். டிவியில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. கொஞ்சம் பல் கோணலாகத் தெரிந்தது.

“சாரிங்க. நீங்க உட்காருங்க, சேர்ந்து சாப்பிடலாம்.”

“உக்காந்தா யாரு பரிமாறுவா? எனக்கு ஒண்ணு கேக்கணும். ரெண்டாவது கேசட்ல நாலாவது பாட்டு. ‘மழைவெயில்’னு ஒரே சொல் வருது. நீங்க ‘மழை’ன்னு பாடிட்டு, மூச்சு இழுத்து, அப்புறம் ‘வெயில்’னு பாடுதீங்க. மழையும் வெயிலும் சேந்து அடிக்கறதுதான அந்தப் பாட்டே? நடுவுல ஏன் மூச்சு எடுத்தீங்க?”

மிலன் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

“அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்” என்றான். “இன்னொரு தடவை பாடுறேன்னு கெஞ்சினேன். நேரம் இல்லைன்னுட்டாங்க. அது வெளிவந்த நாள்லேர்ந்து அந்த இடம் எப்ப வந்தாலும் நான் காதைப் பொத்திக்குவேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க. எல்லாரும் எனக்குப் பிடிச்ச கலர் என்னன்னுதான் கேப்பாங்க.”

“நீலம்னு சொல்லுவீங்க.”

“அதுவும் அவங்க சொல்லிக் குடுத்ததுதான்.”

“அப்ப இப்பப் பாடுங்க. இப்பக் காய்ச்சல் இல்லல்ல?”

முடி மறுபடி கண்ணில் விழுந்தது. ஷாலினி தன் தலையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து நீட்டினாள். இடது கையால் வாங்கிக் குத்திக்கொண்டான். சாம்பார்க் கையை இலைக்கு மேலே பிடித்தபடி அந்த வரியைப் பாடினான். வாத்தியம் இல்லை, மைக் இல்லை. மழையிலிருந்து வெயிலுக்கு இடைவெளி இல்லாமல் போனான். ஜன்னலில் ஒரு முகமும் அசையவில்லை. கோமதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு மாதமாக, இல்லை, ஒரு வருஷமாக இவள் அந்தப் பையனுடைய முகத்தைப் பார்த்து மயங்கிக் கிடக்கிறாள் என்று நினைத்திருந்தேன். இவள் காதால்தான் மயங்கிக் கிடந்திருக்கிறாள்.

“இதுதான்” என்றாள், கண்ணைத் திறந்து. “ரசம் ஊத்தட்டுமா?”

சாப்பிட்டு முடித்ததும், மூன்றாவது பாட்டுக்கு என் பையன்கள் ஓடுவதைப் பற்றி யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். மிலன் பார்க்க வேண்டும் என்றான். தெருவில் ஓடவிட்டுக் காட்டினேன். வேகம் தெரிவதற்காக நானும் கொஞ்சம் கூட ஓடினேன். புது டிராக் சூட் சௌகரியமாக இருந்தது.

வேன் போய், கூட்டம் கலைந்து, ஷாலினியும் வீட்டுக்குப் போன பிறகு பின்கட்டுக்குப் போனேன். கோமதி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது.

அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்: “நான் அவ்வளவு மோசமாவாப்பா இருக்கேன்?”

காலையிலிருந்து இந்தக் கேள்வியை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்தேன் என்பது நினைவிருக்கிறது. நான் இவ்வளவு நேரம் பேசி யாரும் கேட்டதில்லை. நடுவில் செண்பகம் வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். அவளைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். கடைசியில் கோமதி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “போதும்பா. இதுக்கு மேல தேச்சா வாளி ஓட்டையாயிரும்” என்றாள்.

ஆகஸ்ட் 31, திங்கள்

காலைப் பயிற்சிக்கு அணியில் பாதிப் பேர் தலையில் கிளிப் குத்திக்கொண்டு வந்தார்கள். கேட்டால், மிலனே குத்தியிருந்தாராம். ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் பந்து தெரிகிறது.

செப்டம்பர் 11, வெள்ளி

பீரோவில் மிலன் படம் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதை ஷாலினிக்குக் கொடுத்துவிட்டாளாம். கேசட் மட்டும் ஓயவில்லை. இன்று நான் இருக்கும்போதே நாலாவது பாட்டைப் போட்டாள். அந்த இடம் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து முகத்தைச் சுளித்தோம்.

அக்டோபர் 19, திங்கள், தீபாவளி

எண்ணெய்க் குளியல் முடிந்து பலகாரத் தட்டோடு எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். எல்லாரும் என்றால் தெருவே. ஷாலினி குடும்பம் சோபாவில். தலைமை ஆசிரியர் நாற்காலியில். கிரிதர் அன்று கோபித்துக்கொண்டு போனதால் நிகழ்ச்சியே வராது என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

வந்தது. முதலில் வேன், வாசல், கூட்டம். பிறகு தெருவில் ஓடுகிற என் பையன்கள். பிறகு நான். நிறைய நேரம் நான். மிலன் பாட்டை நானும் பாடிக்கொண்டு ஓடுகிற மாதிரி அதில் தெரிகிறது. பாடவில்லை. ஓட்டத்துக்கு எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் அசைவு அப்படி விழுந்துவிட்டது. தலைமை ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இனிமேல் பிரார்த்தனைக் கூட்டத்தில் பாட என்னையும் கூப்பிடுவார் போலிருக்கிறது.

அதற்கப்புறம்தான் யாரும் எதிர்பார்க்காதது. கிரிதர் நிறுத்தச் சொன்ன பிறகும் அந்தக் கேமராக்காரர் நிறுத்தவில்லை. பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன் அந்த மனிதரை. எடிட்டிங்கில் யார் யாரோடு சண்டை போட்டார்களோ, சென்னையில் என்ன நடந்ததோ, தெரியாது. திரை முழுக்கக் கோமதி. ஒரு கையில் வாளி, இன்னொரு கை இடுப்பில். “நடுவுல ஏன் மூச்சு எடுத்தீங்க?” என்று கேட்கிறாள். மிலன் வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்க்கிறான். அவன் பாடுகிறான். பாடுகிறவனைக் காட்டாமல் கண்ணை மூடிக் கேட்கிற கோமதியையே காட்டுகிறார்கள், பாட்டு முடிகிற வரைக்கும். கீழே எழுத்தில் அவள் பெயர் வந்தது. சரியாக.

படம் தெளிவாக இருந்தது.

ஷாலினி விசிலடித்தாள். விரலை வாயில் வைத்து. எப்போது பழகினாள் என்று தெரியவில்லை, நன்றாகவே அடித்தாள். கோமதி, “நான் நின்னதைப் பாத்தியா, சண்டைக்குப் போறவ மாதிரி” என்று சொல்லிவிட்டு அதிரசத்தை எடுத்துக் கடித்தாள். காது வரை சிரிப்பு.

அப்போதிலிருந்து போன் ஓயவில்லை. சாத்தூரிலிருந்து, சங்கரன்கோவிலிலிருந்து, மதுரையிலிருந்து அக்கா. எப்போதும் போனை எடுத்தால் “பி.டி. மாஸ்டர் பேசுகிறேன்” என்று சொல்வதுதான் என் வழக்கம். முதல் போனில் என்னவோ வாய் மாறி, “கோமதியோட அப்பா பேசுதேன்” என்று வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த போன்களிலும் அதையேதான் சொன்னேன்.